வேருக்குத் திரும்புதல்: ராக் இசையிலும் தமிழிசையிலும் மூலம் குறித்த விவாதங்கள்

ஆய்வுச் சுருக்கம்

ஓர் இசைக்குழுவின் புதிய இசைத்தொகுப்பு அதன் வேருக்குத் திரும்பியுள்ளதா என்பது ராக் இசை இரசிகரிடையே அரை நூற்றாண்டாகத் தொடரும் விவாதம். தமிழகத்தில் இதே வினா 1940களில் தமிழிசை இயக்கத்தின் வழியாகவும், 2018க்குப் பின் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவின் வழியாகவும் எழுந்தது. இவ்விவாதங்களில் ‘வேர்’ என்பது ஒலிப்பதிவு முறை, மொழி, சமூக உரிமை ஆகிய மூன்று பொருள்களில் வழங்கியுள்ளது. இம்மூன்றில் சமூக உரிமை பற்றிய வினாவே மற்ற இரண்டையும் மதிப்பிட அடிப்படையாகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ராக் இசை, தமிழிசை இயக்கம், பறை, கானா, தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ், காமரசவல்லி.

முன்னுரை

நெடுங்காலம் இயங்கிவரும் இசைக்குழு புதிய தொகுப்பை வெளியிடும்போது, அதன் இரசிகரிடையே தவறாது எழும் வினா ஒன்று உண்டு: குழு தன் வேருக்குத் திரும்பிவிட்டதா? ‘ஆம்’ என்போரும் ‘இல்லை’ என்போரும் ஒரே பாடல்களைக் கேட்டே முடிவுக்கு வருகின்றனர். ஆகவே கருத்து வேறுபாடு பாடலைப் பற்றியது மட்டுமன்று. எந்தக் கடந்த காலத்தை வேர் என ஏற்பது என்பதைப் பற்றியதும் ஆகும். வேர் என ஒன்றைச் சுட்டுவோர், அதனோடு சேர்த்து அம்மரபின் உரிமையாளரையும் சுட்டுகின்றனர். இந்தக் கோணத்தில் ராக் இசை வரலாற்றின் சில நிகழ்வுகளையும் தமிழக இசை வரலாற்றின் சில நிகழ்வுகளையும் இணைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ராக் இசையில் திரும்புதல்

‘வேருக்குத் திரும்புதல்’ என்பதை ஒரு திட்டமாகவே வகுத்துக்கொண்ட தொடக்கச் சான்றுகளுள் பீட்டில்ஸ் குழுவின் முயற்சி குறிப்பிடத்தக்கது. ஒலிப்பதிவுக் கூடத்தின் நுட்பங்களைக் கொண்டு சிக்கலான தொகுப்புகளை உருவாக்கிய அக்குழு, 1969 சனவரியில் ஒட்டுப்பதிவுகள் இன்றி நால்வரும் நேரடியாக இசைப்பது என்ற கொள்கையோடு பணியைத் தொடங்கியது. சனவரி 30 அன்று இலண்டனில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் நிகழ்த்திய இசை அப்பணியின் ஒரு பகுதி. ஆனால் 1970 மே மாதம் ‘லெட் இட் பி’ வெளிவந்தபோது, தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் சில பாடல்களில் நரம்பிசைக் குழுவையும் கூட்டுக்குரலையும் சேர்த்திருந்தார். பால் மெக்கார்ட்னி அதனை ஏற்கவில்லை. ஜான் லெனன் ஸ்பெக்டரின் பணியை ஆதரித்தார். 2003இல் அச்சேர்க்கைகள் நீக்கப்பட்ட வடிவம் வெளிவந்தது. எது உண்மையான வடிவம் என்ற விவாதம் அதன்பின்னும் ஓயவில்லை. ‘கலப்பற்றது’ எனப்பட்ட இந்தப் புதிய வடிவத்திலும் வெவ்வேறு பதிவுகளைக் கணினி கொண்டு இணைத்த பாடல்கள் உள்ளன. முப்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய தொழில்நுட்பத்தால் மீட்டெடுக்கப்பட்ட வேர் அது எனலாம்.

மெட்டாலிகா குழுவின் வரலாறு இவ்விவாதத்தை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. 1986இல் வெளிவந்த ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ தொகுப்பின் விரைவையும் நீண்ட பாடலமைப்பையும் அளவுகோலாகக் கொண்ட இரசிகர்கள், 1996இன் ‘லோட்’ தொகுப்பை விலகலாகக் கண்டனர். 2003இன் ‘செயின்ட் ஆங்கர்’ தொகுப்பில் கிதார் தனியிசைப் பகுதிகள் இல்லாமை பெருங்குறையாகக் கருதப்பட்டது. 2008இல் தயாரிப்பாளர் ரிக் ரூபினுடன் உருவாக்கிய ‘டெத் மேக்னடிக்’ தொகுப்பு பழைய பாணிக்குத் திரும்பியதாகப் பரவலாக வரவேற்கப்பட்டது. எனினும் அத்தொகுப்பின் ஒலி அளவுக்கு மீறி அழுத்தப்பட்டுச் சிதைந்துள்ளது என இரசிகர்களே முறையிட்டனர். ‘கிதார் ஹீரோ’ என்னும் கணினி விளையாட்டில் இடம்பெற்ற அதே பாடல்கள் தெளிவாக ஒலிப்பதைச் சுட்டி, தொகுப்பை மீண்டும் ஒலிக்கலவை செய்யக் கோரும் மனுவில் பல்லாயிரவர் ஒப்பமிட்டனர். பாடலமைப்பு வேருக்குத் திரும்பியிருந்தும் ஒலி அவ்வாறு திரும்பவில்லை என்பதே அவர்களது வாதம். வேர் என்ற சொல் ஒரே தொகுப்பைக் குறித்தே இருவேறு பொருள் தருவதை இங்குக் காண்கிறோம்.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 2016இல் வெளியிட்ட ‘புளூ அண்ட் லோன்சம்’ வேறொரு வினாவைத் தோற்றுவிக்கிறது. மூன்றே நாளில் பதிவான இத்தொகுப்பு, குழு தன் தொடக்கத்திற்குத் திரும்பியதாகப் பாராட்டப்பட்டது. அதில் குழுவினர் இயற்றிய பாடல் ஒன்றும் இல்லை. அனைத்தும் கறுப்பின அமெரிக்கரின் புளூஸ் மரபைச் சேர்ந்த பழைய பாடல்களே. குழுவின் பெயரும் மட்டி வாட்டர்சின் 1950ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றிலிருந்து பெறப்பட்டதே. ஆக, ஒரு குழு திரும்பிச் சென்ற வேர் பிறருடைய மண்ணில் இருந்தது. லெட் செப்பெலின் குழுவின் புகழ்பெற்ற பாடல் ஒன்று தம் பாடலிலிருந்து எடுக்கப்பட்டது என்று புளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்தார். 1987இல் அது நீதிமன்றத்துக்கு வெளியே தீர்வு கண்டது. வேர் பற்றிய பேச்சு உரிமை, ஊதியம் பற்றிய பேச்சாகவும் மாறக்கூடும் என்பதற்கு இது சான்று.

2. மொழியே வேர்: 1941–1944

தமிழகத்தில் இசையை அதன் வேருக்கு மீட்பது என்ற முழக்கம் பரவலான பொது விவாதமானது தமிழிசை இயக்கத்தின்போதுதான். இதற்கான ஆய்வு அடித்தளத்தைத் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் முன்னரே இட்டிருந்தார். 1917இல் வெளிவந்த அவரது ‘கருணாமிர்த சாகரம்’, கருநாடக இசையின் மூலம் பழந்தமிழ் இசையே என வாதிட்டது.

1941 ஆகத்து மாதம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அண்ணாமலைச் செட்டியார் ஆதரவில் கூடிய தமிழிசை மாநாடு, இசையரங்குகளில் தமிழ்ப் பாடல்களுக்கு முதன்மை அளிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டின் இறுதியில் சென்னை மியூசிக் அகாதெமி, செவ்விசையின் உயர்தரத்தைக் காப்பதே இசைவாணர் கடமை என்றும், மொழி பற்றிய கருத்து அத்தரத்தைத் தாழ்த்த இடமளிக்கலாகாது என்றும் பொருள்படத் தீர்மானம் இயற்றியது. இராசாசி, கல்கி, டி.கே.சி. முதலியோர் தமிழிசையின் பக்கம் நின்றனர். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது.

இருதரப்பாரும் மரபின் பெயராலேயே வாதிட்டனர் என்பது நோக்கத்தக்கது. ஒரு தரப்புக்குத் தேவாரப் பண்களும் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோர் பாடல்களும் வேராயின. மறுதரப்புக்குத் திருவாரூரில் பிறந்த மும்மூர்த்திகளின் தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகளே மரபாயின. இரண்டும் தமிழ் மண்ணில் தழைத்தவையே.

தமிழிசையை ஆதரித்த பெரியார் ஈ.வெ.ரா. இவ்விடத்தில் மேலும் ஒரு வினாவை எழுப்பினார். பாடலின் மொழி மட்டும் தமிழானால் போதுமா, அதன் பொருள் பத்திப் பாடலாகவே இருக்க வேண்டுமா என்பது அவர் வினா. மொழியை வேராகக் கொண்ட இயக்கம், இசையின் அமைப்பையோ அரங்கின் சமூக எல்லையையோ பெரிதும் மாற்ற முற்படவில்லை. கச்சேரி கச்சேரியாகவே நீடித்தது. பறையும் தப்பும் அம்மேடையின் மையத்துக்கு வரவில்லை.

3. கல்லில் நிற்கும் கலையும் தோலில் ஒலிக்கும் கலையும்

தமிழிசை ஆய்வு தொன்மைக்குச் சான்று தேடியபோது இலக்கியத்தையும் கல்வெட்டையும் நாடியது. இச்சான்றுகளின் ஆற்றலையும் எல்லையையும் அறிய, ஆலத்தியூர் அமைந்துள்ள அரியலூர் மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கொள்ளிடக் கரையை ஒட்டிய காமரசவல்லிக் கோயிலில் உள்ள முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு, மார்கழித் திருவாதிரையிலும் வைகாசித் திருவாதிரையிலும் மும்மூன்று முறை சாக்கைக்கூத்து ஆடுவதற்காகச் சாக்கை மாராயன் விக்கிரமசோழன் என்பானுக்கு ஊர்ச்சபை நிலம் வழங்கியதைக் கூறுகிறது. சேரன் செங்குட்டுவன் முன் கூத்தச் சாக்கையன் ஒருவன் ஆடியதைச் சிலப்பதிகாரமும் காட்டுகிறது. கலைஞனின் பெயர், ஆடிய நாள், பெற்ற ஊதியம் அனைத்தும் பதிவாகியுள்ளன. ஆனால் அக்கூத்தின் பாட்டும் தாளமும் இன்று இவ்வூரில் இல்லை.

பறையின் நிலை இதற்கு நேர்மாறானது. தொல்காப்பியம் நிலத்திற்குரிய கருப்பொருள்களுள் பறையையும் எண்ணுகிறது. ஐந்திணைக்கும் தனித்தனிப் பறை உண்டு என்பது அதன் இடம் எத்தகையது என்பதை உணர்த்தும். பின்னர்ச் சாதியமைப்பு இறுகியபோது, அக்கருவி சாவுக்குரியதாகவும் அதை இசைப்போர் இழிவுக்குரியோராகவும் ஆக்கப்பட்டனர். நிலக்கொடை பெற்ற கூத்து ஒலியிழந்தது. இழிவு சுமத்தப்பட்ட பறையோ தலைமுறை தலைமுறையாகக் கையிலிருந்து கைக்கு மாறி ஒலித்துக்கொண்டே வந்தது. எழுத்துச் சான்றை மட்டும் கொண்டு வேரைத் தேடுவோர், அந்த எழுத்தைப் பொறிக்க வல்லோரின் விருப்பத்தையும் சேர்த்தே பெறுகின்றனர். ஆகவே தொன்மையை நிறுவுவதால் மட்டும் ஒரு மரபைக் காத்தோரின் உரிமை நிறுவப்படுவதில்லை.

4. ‘யாருடைய வேர்?’: 2018

பறையை விடுதலைக் கருவியாக மீட்கும் முயற்சி தலித் இயக்கங்களின் எழுச்சியோடு வலுப்பெற்றது. கே.ஏ. குணசேகரனின் ‘தன்னானே’ கலைக்குழு நாட்டுப்புற இசையை அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தது. திண்டுக்கல் சக்திக் கலைக்குழுவில் பெண்கள் பறையை ஏந்தினர். இத்தொடர்ச்சியில், இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 சனவரி 6 அன்று சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது.

இக்குழுவின் பெயர் சாதியற்ற தமிழர் என்னும் அயோத்திதாசப் பண்டிதரின் கருத்தாக்கத்திலிருந்து பெறப்பட்டது. அதில் வடசென்னைக் கானாப் பாடகர், சொல்லிசைக் கலைஞர், பறை, சட்டி முதலியன இசைப்போர், மின்கிதாரும் ட்ரம்சும் இசைப்போர் ஆகியோர் ஒரே மேடையில் நின்றனர். கானாப் பாடுவதில் ஆண்களே மிகுந்திருந்த நிலையில், இசைவாணி அம்மேடையில் பெண் கானாப் பாடகராகத் தனியிடம் பெற்றார்.

மின்கிதாருடன் கலந்த கானா வேரோடு ஒட்டியதா, விலகியதா என்று ஒருவர் வினவக்கூடும். கானாவின் வரலாறே இதற்கு விடை தருகிறது. துறைமுகமும் ஆலைகளும் சூழ்ந்த உழைக்கும் மக்களின் குடியிருப்புகளில், இழவு வீட்டில் விடிய விடியப் பாடப்பட்ட பாட்டு அது. உருது, தெலுங்கு, ஆங்கிலச் சொற்களையும் திரைப்பட மெட்டுகளையும் தடையின்றி ஏற்றுக்கொண்டு வளர்ந்தது. கலப்பே அதன் இயல்பு. எனவே கலப்பின்மையைக் கொண்டு அதன் வேரை அளக்க இயலாது. பாடுவோர் யார், எவர் வாழ்வைப் பாடுகின்றனர், மேடையும் பெயரும் ஊதியமும் எவரைச் சேர்கின்றன என்பவையே இங்குப் பொருந்தும் அளவுகோல்கள். ராக் இசையும் கறுப்பின உழைப்பாளரின் புளூசிலிருந்து கிளைத்தது என்பதால், கிதாரும் பறையும் இக்குழுவில் இணைவதை அயல்நாட்டுப் பொருளோடு உள்நாட்டுப் பொருள் சேர்வதாக மட்டும் கருதுவது பொருந்தாது.

இந்த அளவுகோலின் இன்றியமையாமையை 2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடல் தெளிவுபடுத்தியது. தீ, அறிவு ஆகியோர் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்த அப்பாடலில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து நாடு திரும்பிய தம் பாட்டியின் வாழ்வை அறிவு நினைவுகூர்ந்தார். அதே ஆண்டு ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அறிவு இடம்பெறாதது கடும் விமர்சனத்துக்குள்ளானது. பின்னர் அவ்விதழ் அவர் படத்துடன் மின்னட்டை ஒன்றை வெளியிட்டது. 2022இல் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரின்றி அப்பாடல் பாடப்பட்டபோது, அதன் ஆக்கத்தில் எவர் பங்கு எவ்வளவு என்ற கருத்து வேறுபாடு கலைஞர்களிடையே வெளிப்படையாக எழுந்தது. அவ்வேறுபாட்டில் தீர்ப்புரைப்பது இக்கட்டுரையின் பணியன்று. வேரைப் பற்றிய பாடல் ஒன்று, வேருக்குரியோர் யார் என்ற வினாவிலிருந்து தப்ப இயலவில்லை என்பதே கருதத்தக்கது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, வேர் என்பது கடந்த காலத்தில் ஆயத்தமாகக் கிடப்பதன்று. ஒவ்வொரு தலைமுறையும் தன் தேவைக்கேற்பத் தேர்ந்தெடுப்பது. இரண்டாவது, ஒலிப்பதிவு முறையையோ மொழியையோ மட்டும் வேராகக் கொள்ளும் விவாதம், மரபைக் காத்து வந்தோரைக் காணாது போகக்கூடும். 1940களின் தமிழிசை விவாதம் மொழிக்கு அரங்கில் இடம் பெற்றுத் தந்தது பெரும்பயன். பறை இசைப்போருக்கு இடம் பெற்றுத் தராதது அதன் எல்லை. மூன்றாவது, 2018க்குப் பிந்தைய முயற்சிகள் அவ்வெல்லையைக் கடக்கத் தொடங்கியுள்ளன. 2020இல் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’, கச்சேரிகளுக்கே உரியதாகக் கருதப்பட்ட மாதத்தில் பறைக்கும் கானாவுக்கும் மேடை அமைத்தது. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசான் பத்மசிறீ விருதுக்குத் தேர்வானார்.

காமரசவல்லிச் சபையார் கூத்தனின் பெயரையும் அவனுக்குரிய நிலத்தையும் கல்லில் பொறித்தனர். பறை இசைத்தோருக்கு அத்தகைய பதிவு வாய்க்கவில்லை. இன்று ஒலிப்பதிவும் பதிப்புரிமையும் அக்கல்வெட்டின் இடத்தில் உள்ளன. ஒரு புதிய தொகுப்பு வேருக்குத் திரும்பியதா என வினவும் கேட்போர், அதில் எவர் பெயர் எழுதப்பட்டுள்ளது என்பதையும் உடன் வினவுவாராயின், அவ்விவாதம் இசை வரலாற்றுக்கு உண்மையான பங்களிப்பாக அமையும்.