கடைசிக் கட்டம் என்னும் சிக்கல்: மார்பக அறுவைக்குப் பின் முலைக்காம்பு மீட்டுருவாக்கம்

புற்றுநோய்க்காக மார்பகம் அகற்றப்பட்ட பெண்ணுக்கு, அவருடைய வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் கொண்டோ சிலிக்கான் பையை உள்ளே வைத்தோ முதலில் ஒரு மார்பு மேடு எழுப்பப்படுகிறது. அது ஆறி, தன் இடத்தில் படிந்து அமரச் சில மாதங்கள் ஆகும். அதன் பிறகு செய்யப்படும் சிறிய அறுவைதான் முலைக்காம்பு மீட்டுருவாக்கம். பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து ஒரு மணி நேரத்துக்குள் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிளாஸ்டிக் அறுவைப் பாடநூல்களில் இது மீட்டுருவாக்கத்தின் கடைசிக் கட்டமாக இடம்பெறுகிறது; மருத்துவர்கள் நோயாளியிடம் பேசும்போதும் அப்படியே சொல்கிறார்கள். இந்த வரிசைதான் சிக்கலின் வேர் என்பது என் வாதம். ஒரு தனி முடிவாக இருக்க வேண்டியதை வரிசையின் கடைசிப் படியாக வைத்ததால், அதற்கு முன்பே நின்றுவிடும் பெண் வேலையைப் பாதியில் விட்டவராகத் தெரிகிறார். செய்துகொண்ட பெண்ணோ, அந்த அறுவையால் தர முடியாத ஒன்றையும் அதனிடம் எதிர்பார்க்கும்படி ஆகிவிடுகிறது.

வரலாறு சற்று உதவும். வில்லியம் ஹால்ஸ்டெட் 1882 முதல் செய்துவந்து 1894இல் விரிவாக வெளியிட்ட அறுவை, மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்தே அகற்றியது. அன்று உயிர் தப்புவதே பெரிது. தோற்றத்தைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. 1949இல் ஆடம்ஸ் பெண்குறி இதழின் தோலை எடுத்து ஒட்டிக் காம்பு அமைத்ததை வெளியிட்டார். 1972இல் ரால்ஃப் மில்லார்ட், எஞ்சியிருக்கும் மறுபக்கக் காம்பிலிருந்தே ஒரு பகுதியை எடுத்து ஒட்டும் வழியைச் சொன்னார். அகற்றப்படும் மார்பகத்தின் காம்பையே எடுத்துத் தொடை இடுக்கில் ஒட்டிச் சேமித்துவைத்து, பிறகு திருப்பிப் பொருத்தும் முறையும் சில காலம் இருந்தது. காம்போடு புற்றுச் செல்களும் சேர்ந்து இடம்பெயரக்கூடும் என்று தெரிந்ததும் அதைக் கைவிட்டார்கள். 1980களுக்குப் பிறகு, வேறெங்கிருந்தும் எடுக்காமல் எழுப்பிய மேட்டின் தோலையே மடல்களாக வெட்டிச் சுருட்டி நிறுத்தும் முறைகள் மேலோங்கின.

இன்று பரவலாக உள்ள அத்தகைய முறை ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். அறுவைக்கு முன் பெண்ணைக் கண்ணாடி முன் நிற்க வைக்கிறார்கள். இதயத் துடிப்புப் பதிவுக்கு ஒட்டும் வட்ட ஒட்டி ஒன்றை அவர் கையிலேயே கொடுத்து, காம்பு எங்கே இருக்க வேண்டும் என்று அவரையே ஒட்டிக்காட்டச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. அளவுநாடா காட்டும் இடமும் அவர் கண் காட்டும் இடமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இயற்கையான மார்பகம் சற்றுத் தாழ்ந்திருக்கும், எழுப்பிய மேடு சற்று உயர்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் தேவைப்படும். குறியிட்ட இடத்தில் நடுவில் ஒரு வளைவும் இருபுறமும் இரண்டு கூர்முனைகளுமாகத் தோலை வெட்டி, கூர்முனைகளை ஒன்றை ஒன்று சுற்றிக்கொள்ளும்படி மடித்து, வளைவை மேலே மூடியாக வைத்துத் தைக்கிறார்கள். மேட்டின் தோல் ஏற்கெனவே பெருமளவு உணர்விழந்திருப்பதால் பல பெண்களுக்கு வலி தெரிவதில்லை. எதையோ இழுப்பது மட்டும் தெரியும். ஆடை உரசாதிருக்க, நடுவில் துளையிட்ட பஞ்சு வளையத்தையோ ஊசிக்குழாயை வெட்டிய துண்டையோ தொப்பிபோல் சில வாரங்கள் வைத்திருப்பார்கள்.

கட்டுப் பிரிக்கும் நாளில் பெண்கள் திகைப்பது வழக்கம். புதிய காம்பு மறுபக்கத்ததைவிடக் கண்கூடாகப் பெரிதாக இருக்கும். அது வேண்டுமென்றே செய்யப்படுவது. மாதங்கள் செல்லச் செல்ல அதன் உயரத்தில் பாதியோ அதற்கு மேலோ குறைந்துவிடும். உள்ளே தாங்கிப் பிடிக்கத் தசையோ பால்நாளங்களோ இல்லாத, வெறும் தோலும் சிறிது கொழுப்பும் சேர்ந்த கட்டமைப்பு அது. கதிர்வீச்சு பெற்ற தோலிலும், சிலிக்கான் பைக்கு மேல் நீட்டி மெலிந்த தோலிலும் சரிவு இன்னும் மிகுதி. சில வேளை மடலின் நுனியே கருகிவிடும். மறுபுறம், சுருங்காமல் நிலைத்துவிட்ட காம்பு எப்போதும் விறைத்தே இருக்கும். குளிருக்கும் தொடுகைக்கும் ஏற்ப மாறாது, மெல்லிய துணிக்கு வெளியே ஒருபுறம் மட்டும் தெரியும். தட்டையாகிவிட்டதே என்ற வருத்தமும் தட்டையாகவில்லையே என்ற எரிச்சலும் ஒரே அறுவையின் விளைவுகள்தான்.

வண்ணம் தீட்டுவது அடுத்த வேலை. காம்பைச் சுற்றிய கருவட்டத்துக்கு முன்பு உள்தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். ஒட்டிய தோல் கறுக்கும் என்பதே அதற்குக் காரணம். இப்போது பெரும்பாலும் பச்சை குத்துகிறார்கள். மேரிலாந்து மாநிலத்தின் ஃபிங்க்ஸ்பர்க் ஊரில் பச்சைக் கடை வைத்திருக்கும் வின்னி மையர்ஸ் இதில் பெயர்பெற்றவர். காம்பையே அறுவையால் எழுப்பாமல், தட்டையான தோலில் ஒளியும் நிழலும் தீட்டி, நேர்ப்பார்வையில் புடைத்துத் தெரியும்படி வரைந்துவிடுகிறார். பக்கவாட்டில் பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை. தொட்டால் மேட்டின் தோல் மட்டுமே. இப்படிப் பச்சை குத்திக்கொள்வதற்காகத் தொலைவிலிருந்து அவரிடம் பெண்கள் வந்தார்கள் என்பது இந்த விவாதத்துக்கு முக்கியமான தகவல். அது ஏன் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

முலைக்காம்பு மீட்டுருவாக்கம் உளநலனுக்கு உதவுகிறதா என்ற கேள்விக்கு இன்றும் சுட்டப்படும் ஆய்வு, டேவிட் வெலிஷும் உடனாய்வாளர்களும் 1987இல் வெளியிட்டது. காம்பு சேர்த்துக்கொண்ட பெண்கள் சேர்த்துக்கொள்ளாதவர்களைவிட மொத்தத்தில் அதிக நிறைவு தெரிவித்தார்கள் என்பது அதன் முடிவு. இதைக் கொண்டு காம்புதான் நிறைவைத் தந்தது என்று சொல்லிவிட முடியுமா? மேடு நன்றாக அமைந்து, அதில் மனநிறைவு கொண்ட பெண்தான் இன்னொரு முறை கத்திக்கு உடன்படுவார். மேடே கோணலாகி, சோர்ந்துபோனவர் அத்தோடு நிறுத்திக்கொள்வார். முன்பே நிறைவோடு இருந்தவர்கள் ஒரு குழுவில் சேர்ந்திருந்தால், அந்த நிறைவைக் காம்பின் கணக்கில் எழுதுவது சரியாகாது. இந்த ஐயம் ஆய்வைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. 'செய்துகொண்டால் நிறைவாக இருப்பீர்கள்' என்று அடுத்த நோயாளியிடம் சொல்ல அது போதாது என்பதே செய்தி.

பெண்ணிய எழுத்தில் இதற்கு நேர் எதிரான குரல் உண்டு. கவிஞர் ஆட்ரி லார்ட் 1978இல் ஒரு மார்பகத்தை இழந்தார். 1980இல் 'தி கேன்சர் ஜர்னல்ஸ்' நூலை வெளியிட்டார். செயற்கை மார்பு அணியாமல் மருத்துவரின் அறைக்குச் சென்றபோது, அது அங்குள்ளோரின் மனத்தெம்பைக் குலைக்கும் என்று செவிலி கடிந்துகொண்டதை அதில் பதிவுசெய்கிறார். இழப்பை மறைக்கச் சொல்வது யாருடைய வசதிக்காக என்பது அவர் கேள்வி. மெய்யியலாளர் ஐரிஸ் மேரியன் யங், 1990இல் வெளிவந்த நூலில் உள்ள மார்பக அனுபவம் பற்றிய கட்டுரையில் இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறார்: பார்க்கப்படும் மார்பகம் வேறு, உள்ளிருந்து உணரப்படும் மார்பகம் வேறு. பொதுவெளி காம்பைக் கண்டு கூசுவது, பெண்ணுக்கென்றே உள்ள உணர்வை அது வெளிக்காட்டிவிடுவதால்தான் என்பது அவர் கருத்து. அப்படியானால் மீட்டுருவாக்கத்தில் ஒரு விபரீதம் இருக்கிறது: உணர்வு மிகுதியாகக் குவிந்திருந்த இடத்தையே தோற்றம் மட்டுமாகத் திருப்பித் தருகிறார்கள்.

யங்கின் பிரிப்பை ஏற்கிறேன். அதிலிருந்து எளிதாக எட்டிவிடும் முடிவை ஏற்க முடியவில்லை. தோற்றம் என்றாலே பிறர் கண்ணுக்கானது என்பது தவறான முற்கோள். மேட்டோடு மட்டும் மாதக்கணக்கில் வாழ்ந்த பெண்கள் அதை உடலில் வைத்த ஒரு உருண்டை என்றும் முகமில்லாத ஒன்று என்றும் சொல்வதுண்டு. குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது கண்ணாடியில் கண் போய் அங்கே முட்டிக்கொள்கிறது. காம்போ காம்பின் ஓவியமோ வந்த பிறகு கண் அங்கே நிற்காமல் கடந்துபோகிறது. இது எவருடைய காமப் பார்வைக்கும் செய்த சேவை அன்று. தொட்டால் ஒன்றுமில்லாத வெறும் வண்ணத்துக்காகப் பெண்கள் தொலைவு பயணம் செய்வதற்கு வேறு விளக்கம் பொருந்தவில்லை. ஆண்களையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். மார்பகப் புற்றுநோயாளர்களில் நூற்றில் ஒருவர் போல ஆண்கள். அவர்கள் மார்பிலும் காம்பு போய்விடுகிறது. சட்டை கழற்றக் கூச்சப்பட்டுப் பச்சை குத்திக்கொள்ளும் ஆணிடம் பெண்மையின் முழுமை என்ற பேச்சு செல்லுபடியாகாது.

ஆக, தோற்றம் தருவது குற்றமில்லை. தோற்றத்தை மட்டும்தான் தருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லாததுதான் குற்றம். காம்பின் உணர்வுக்கு முதன்மையாக, நான்காம் விலா இடைவெளி நரம்பின் பக்கக் கிளை மார்பகத் திசுவின் ஊடாக வந்து சேர்கிறது; திசுவை அகற்றும்போது அது அறுபடுகிறது. மேலே தோலை எவ்வளவு அழகாக மடித்தாலும் அந்த நரம்பு திரும்புவதில்லை. காம்பையும் தோலையும் அப்படியே விட்டு உள்திசுவை மட்டும் எடுக்கும் அறுவையிலும் இந்தச் சிக்கல் முழுதாகத் தீர்வதில்லை. நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013 மே 14 அன்று நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அம்முறையை உலகமே அறிந்தது. மார்பகத்தை எடுப்பதற்கு முன்பே காம்புக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்டும் ஆயத்த அறுவையை அவர் அதில் விளக்கியிருந்தார். சொந்தக் காம்பு இடத்திலேயே இருக்க, அதில் உணர்வு இல்லை என்பதை அறுவைக்குப் பிறகு தாமாகவே கண்டுகொள்ளும் பெண்களுக்கு அதிர்ச்சி கூடுதல். புதிதாகச் செய்த காம்பு அந்நியம் என்று மனம் ஒருவாறு ஏற்கும்; தன்னுடையதே அந்நியமாவதை ஏற்பது கடினம். அறுபட்ட நரம்பை ஒட்டு நரம்பால் இணைக்கும் முயற்சிகள் இப்போது நடக்கின்றன.

ஆய்வுக் கருவிகளிலும் இந்த ஒருபக்கச் சாய்வு தெரிகிறது. மார்பக அறுவை பெற்றோரின் நிறைவை அளக்க உலகெங்கும் பயன்படும் பிரெஸ்ட்-கியூ வினாநிரல் 2009இல் வெளிவந்தது. மீட்டுருவாக்கம் பெற்றோருக்கான அதன் பகுதியில் காம்பின் தோற்றம் பற்றிய கேள்விகள் உண்டு. உணர்வுக்கென்று தனிப்பகுதி உருவாகிச் சரிபார்க்கப்பட்டது 2021இல். இடையில் சுமார் 12 ஆண்டுகள், நிறத்தையும் வடிவத்தையும் கேட்டு எழுதிக்கொண்டிருந்தோம்.

கடைசிக் கட்டம் என்ற இடவரிசைக்குச் சட்டமும் துணைநின்றது. இதைச் சொல்லும்போது எச்சரிக்கை தேவை, ஏனென்றால் அது நல்ல சட்டம். அமெரிக்காவில் 1998 அக்டோபர் 21 அன்று கையெழுத்தான பெண்கள் உடல்நல, புற்றுநோய் உரிமைச் சட்டம், மார்பக நீக்கத்துக்குக் காப்பீடு தரும் திட்டங்கள் மீட்டுருவாக்கத்தின் எல்லாக் கட்டங்களுக்கும் செலவு தர வேண்டும் என்றது. செலவு பற்றிய அச்சம் குறைந்தது பெரிய மாற்றம். ஆனால் எல்லாக் கட்டமும் உரிமை என்றானதும், எல்லாக் கட்டமும் இயல்பு என்ற எண்ணமும் பின்னாலேயே வந்தது. மேடே வேண்டாம், மார்பைச் சீராகத் தட்டையாகத் தைத்துவிடுங்கள் என்ற பெண்களின் குரல் பொதுவில் கேட்கத் தொடங்கியது அதற்கு வெகு காலம் கழித்துத்தான். பின்னாளில் மனம் மாறினால் உதவும் என்று சொல்லி, கேட்டதற்கு மாறாகத் தோலை மடிப்பாக விட்டுவைத்த மருத்துவர்கள் மீது அவர்கள் எழுப்பிய புகார் நியாயமானது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் அழகிய தட்டைத் தையலைத் தன் அகராதியில் ஒரு முறையாகவே சேர்த்தது 2020இல்.

தமிழ்நாட்டுக்கு இந்த விவாதத்தை அப்படியே இறக்குமதி செய்வதற்கில்லை. இங்கே மேடு எழுப்பும் அறுவையையே பெறாத பெண்கள் மிகப் பலர். புடவைத் தலைப்புக்குள் துணியைச் சுருட்டி வைத்துச் சமாளிப்பவர்களிடம் கடைசிக் கட்டம் பற்றிப் பேசுவது கேலியாகிவிடும். ஆனால் பச்சை குத்தும் நுட்பத்தில் நமக்கு நேரடித் தொடர்பு உண்டு. குத்திய நிறமி தோலின் அடியடுக்கில் தங்குகிறது. மேலடுக்கின் கருமையை ஊடுருவித்தான் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெளிர்தோலுக்கென வகுத்த இளஞ்சிவப்பும் வெளிர்பழுப்பும் நம் தோலில் மங்கிப்போகும். ஆழ்ந்த பழுப்புகளைக் கலந்துதான் நெருங்க முடியும். கருந்தோலில் தழும்பு தடித்துவிடும் வாய்ப்பும் அதிகம் என்பதால், வெட்டி மடிக்கும் முறையைவிட வண்ணம் மட்டும் போதும் என்று ஒரு பெண் முடிவெடுத்தால், அதை இரண்டாந்தரத் தீர்வாகக் கருத வேண்டியதில்லை.

நடைமுறையில் இரண்டு மாற்றங்கள் போதும் என்று கருதுகிறேன். காம்பு பற்றிய பேச்சு மேட்டின் ஒப்புதல் படிவத்தோடு பிணைக்கப்படாமல், மேடு ஆறிய பிறகு தனியாக, அந்தப் பெண் தாமே கேட்டு வரும்போது நிகழலாம். உணர்வு இழப்பு பற்றிய பேச்சோ முதல் அறுவைக்கு முன்பே, நரம்பைக் காக்கவோ இணைக்கவோ வழி இருக்கும்போதே நிகழ வேண்டும். இன்று இரண்டும் தலைகீழாக நடக்கின்றன. மற்றொன்று ஆய்வாளர்களுக்கு. காம்பைப் பற்றிய வினாக்களை அதைச் செய்துகொண்டவர்களிடம் மட்டும் கேட்கிறோம். ஓவியத்தோடு நின்றவர், ஒட்டும் சிலிக்கான் காம்பைத் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் அணிபவர், மேட்டை வெறுமையாகவே வைத்திருப்பவர், தட்டையாகவே இருப்பவர் ஆகிய யாரும் அந்தச் சராசரியில் இல்லை. அடுத்த ஆய்வு இவர்கள் எல்லாரையும் ஒரே நிரலில் வைத்து, எப்போது முடிவெடுத்தார்கள், அப்போது அவர்களுக்கு என்ன சொல்லப்பட்டிருந்தது என்ற இரு கேள்விகளிலிருந்து தொடங்கலாம்.