கலப்பை

கலப்பை என்றால் உழவனுடைய ஏர்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது. பழந்தமிழில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. கலம் என்றால் வாத்தியம். அதைப் போட்டு எடுத்துச் செல்லும் பை கலப்பை. நாடோடிக் கலைஞர்களின் மூட்டை முடிச்சுக்கு இப்படித் தனியாக ஒரு பெயர் இருந்தது என்று முதலில் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் மடத்துக்குளம் உடுமலையிலிருந்து பழனி செல்லும் சாலையில், அமராவதிக் கரையை ஒட்டி இருக்கிறது. அமராவதிதான் சங்கப் புலவர்கள் பாடிய ஆன்பொருநை. பழனி மலைப்பக்கமோ மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனின் நாடு. கபிலரும் பரணரும் அவனைப் பாடியிருக்கிறார்கள். பாணர்கள் யாழும் முழவுமாக அவன் வாசலைத் தேடி இந்த வட்டாரத்தில் நடந்திருக்க வேண்டும். மயிலுக்கே போர்வை கொடுத்தவன், நனைந்து வந்த யாழைக் கண்டிருந்தால் என்ன கொடுத்திருப்பானோ! இப்போது தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடி எடுத்துக்கொண்டு மேளதாளத்தோடு ஜனங்கள் இதே சாலையில் போகிறார்கள். அந்தக் காவடித் தண்டுக்குத்தான் பழைய பெயர் ‘கா’. அதன் இரு முனையிலும் கலப்பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு கூத்தர் கூட்டம் புறப்படுகிற காட்சியோடு தொடங்குகிறது மலைபடுகடாம்.

பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு அது, 583 அடி. செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பற்றிப் பெருங்கௌசிகனார் பாடியது. செங்கண்மா என்பது இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள செங்கம். ஏட்டுச் சுவடியிலிருந்த பத்துப்பாட்டை உ. வே. சாமிநாதையர் 1889-இல் அச்சிட்டுக் கொடுத்திராவிட்டால் நமக்கு இந்த மூட்டையின் சமாசாரம் எப்படித் தெரிந்திருக்கும்?

மூட்டைக்குள் என்னென்ன இருந்தன? முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, யானைத் துதிக்கை போன்ற நெடிய தூம்பு, குறுந்தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை. ஒரு முழுக் கச்சேரியே இருக்கிறது. இவற்றை இரண்டு பக்கமும் எடை சரியாக இருக்கும்படி கட்டித் தொங்கவிட்டிருந்தார்களாம். கார்காலத்துப் பலாமரத்தில் கொத்தாகக் காய்கள் தொங்குவதுபோல இருந்தது என்கிறார் புலவர். ஏதோ உவமை என்று தள்ளிவிடக்கூடாது. எடை ஒரு பக்கம் சாய்ந்தால் தண்டு தோளில் ஆடும். ஆடினால் ஒன்றோடொன்று இடிக்கும். இடித்தால் தோல் கிழியும். வண்டியில் வாத்தியம் ஏற்றுகிற எந்தக் குழுவையும் கேட்டுப் பாருங்கள், இதைத்தான் சொல்வார்கள்.

பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், போகிறவனுக்கு வழி சொல்வதாகப் பாட்டு அமைந்திருக்கிறது. தினைப்புனத்தில் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், மரத்தை மறைவாகக் கொண்டு போங்கள் என்கிறான். வெயில் தணிந்தபிறகு கூரிய பாறை வழியைக் கடவுங்கள், சந்திகளில் புல்லை முடிந்து போட்டுப் பின்னால் வருபவர்களுக்கு அடையாளம் வையுங்கள் என்கிறான். மலையில் தெய்வத்தைக் கண்டால் கும்பிட்டுவிட்டுப் போங்கள், வீணே வாத்தியத்தைத் தொடாதீர்கள், அவன் மலையில் மழை வந்துவிடும் என்கிறான். பக்தி எவ்வளவு, தோல் நனைந்துவிடுமே என்ற கவலை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். எனக்கு இரண்டாவது பங்குதான் அதிகம் என்று படுகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் வியக்கிற இடம் ஒன்று உண்டு. பாதை, பின்னிவைத்தது போன்ற புதருக்குள் நுழைகிறது. முன்னால் போகிறவன் ஒரு கொம்பை வளைத்து விலக்கிக்கொண்டு போகிறான். அவன் கையை எடுத்ததும் அது அம்புபோலத் திரும்பி வந்து பின்னால் வருபவன்மேல் அடிக்கும். அப்போது எதைக் காக்க வேண்டும்? முகத்தை என்று நாம் சொல்வோம். கூத்தன் சொல்வது வேறு. யாழின் பத்தரையும், மண் பூசிய முழவின் கண்ணையும் காத்துக்கொள்ளுங்கள், ஒருவர் கையை ஒருவர் விடாமல் மெல்ல மெல்லப் போங்கள் என்கிறான். பத்தர் என்பது யாழின் குடம். ஒலி பிறக்கிற இடம். முழவின் கண் என்பது அடிக்கிற முகம். அதில் பூசிய மண் பெயர்ந்தால் நாதம் போயிற்று. ஆபத்து கள்வனிடமிருந்து வரவில்லை, காட்டு விலங்கிடமிருந்தும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நமக்கு வழிசெய்துகொண்டு முன்னே போகிற நம் ஆளிடமிருந்தே வருகிறது! இப்படிப் புதருக்குள் நுழைந்து அடிபட்ட ஒருவரிடம் கேட்காமல் பெருங்கௌசிகனார் இதை எழுதியிருக்க முடியாது.

கள்வர் விஷயத்தில் பாணர்களுக்கு வேறு நம்பிக்கை இருந்தது. பாலைப் பண்ணைக் கேட்டால் வழிப்பறிக்காரன் ஆயுதத்தை நழுவவிட்டு இரக்கம் கொண்டுவிடுவான் என்று பொருநராற்றுப்படை சொல்கிறது. அதை நம்பி நான் என் வீணையைத் தனியே அனுப்பமாட்டேன்.

அவர்களால் வெல்ல முடியாத எதிரி ஈரம்தான். நெடுநல்வாடையில் நக்கீரர் கூதிர்காலத்தை வருணிக்கிறார். குளிரில் யாழின் நரம்பு சுருதி மாறிவிடுகிறது. ஆடல் மகளிர் அதைத் தம் உடற்சூட்டில் தடவிப் பதப்படுத்திய பிறகே பண் நிறுத்துகிறார்கள். பறை அடிப்பவர்கள் இன்றும் தோலை நெருப்பில் காட்டி விறைப்பு ஏற்றிக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு அல்ல.

இத்தனை ஜாக்கிரதையும் முழவின் இனத்தைக் காப்பாற்றியது. மிருதங்கத்தின் கறுப்புக் கரணையைப் பார்க்கும்போது, அந்த மண் பூசிய கண் இன்னும் விழித்திருப்பதாகவே தோன்றுகிறது. யாழுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மரமும் தோலும் நரம்பும் மண்ணுக்குள் போயின. வாசிக்கும் கை நின்றுபோனபின் பாதுகாக்க ஆளும் இல்லை. விபுலாநந்த அடிகள் பல ஆண்டுகள் உழைத்து, பழைய நூல்களில் சிதறிக் கிடந்த குறிப்புகளையும் சுரக் கணக்கையும் வைத்துக்கொண்டே யாழின் உருவத்தைத் தேட வேண்டியிருந்தது. அவருடைய யாழ் நூல் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார்.