பல்லைப் பிடித்துப் பாராதோர்

பந்தயத் திடலிலே பணத்தைப் பறிகொடுத்தவன் வாயிலிருந்து வரும் முதற்சொல் எது? “குதிரையை வேண்டுமென்றே இழுத்துப் பிடித்துவிட்டான்!” ஜாக்கி மீது ஐயம், பயிற்சியாளன் மீது ஐயம், லாயத்திலே தீவனம் வைப்பவன் மீதுகூட ஐயம்! இத்தனை ஐயமும் கொண்டவன் வீடு திரும்புகிறானா? இல்லை. அடுத்த ஓட்டத்துக்குச் சீட்டு வாங்கும் வரிசையிலே நிற்கிறான் — அதே பயிற்சியாளன் அனுப்பும் குதிரைமீது கட்ட!

தமிழ்நாட்டிலே குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-இல் சட்டம் வந்தது. வழக்கு நடந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம், அது பெரிதும் திறமையைச் சார்ந்த ஆட்டமே என்று தீர்ப்பளித்தது. இருக்கட்டும், திறமை உண்டென்றே கொள்வோம். லாயக் கதவுக்கு உள்ளே இருப்பவன் அறிந்ததை, வெளியே நிற்பவன் எந்தத் திறமையால் அறிவான்? இப்பந்தய முறை வளர்ந்த இங்கிலாந்திலேயே இக்கேள்வி ஒருமுறை நீதிமன்றப் படியேறியது, தோழர்களே!

1844, மே 22. எப்சம் திடலிலே டெர்பி ஓட்டம். மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமே உரியது அது. ‘ரன்னிங் ரெய்ன்’ என்ற பெயரில் ஓடிய குதிரை முதலில் வந்தது. அதன் உண்மைப் பெயரோ ‘மக்கபேயஸ்’, வயது நான்கு! கல்லூரிக் காளையைப் பள்ளிச் சிறுவரோடு ஓடவிட்டதற்கு ஒப்பானது இது. குட்மன் லீவி என்ற சூதாடி நடத்திய ஆள்மாறாட்டம் — குதிரைமாறாட்டம் என்போமா?

ஐயம் அன்றுதான் எழுந்ததா? இல்லை. முந்திய ஆண்டு அக்டோபரில், நியூமார்க்கெட்டில், இரண்டு வயதுக் குதிரைகளின் பந்தயத்தில் அது வென்றபோதே முறையீடு எழுந்தது. லாயப் பையன் ஒருவன், இதுதான் அந்தக் குதிரை என்று சாட்சி சொன்னான், முடிந்தது விசாரணை! டெர்பிக்கு முன்பும் முறையிட்டனர். ஓடட்டும், பிறகு பார்ப்போம் என்றனர் பந்தய நிர்வாகிகள். தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் நாட்டுப் பழமொழி. இது தானமா? பவுன் பவுனாகப் புரண்ட பந்தயம்! குதிரையின் வயதை அதன் பல் கூறும். இவர்களோ மனிதன் வாயை நம்பினர்.

பரிசுப் பணம் வழக்காயிற்று. வெற்றிக் குதிரையின் உரிமையாளராக நின்றவர் உட் என்ற தானிய வணிகர். எதிரே, இரண்டாவதாக வந்த ‘ஆர்லாண்டோ’வின் உரிமையாளர் கர்னல் பீல், பிரதமரின் உடன்பிறந்தார். ஜார்ஜ் பென்டிங்க் பிரபு துப்புத் துலக்கினார். குதிரை எங்கே பிறந்தது, எவர் கைக்கு மாறியது என்று அலைந்து ஆள் சேர்த்தார். ஜூலையில் நீதிபதி ஆல்டர்சன், குதிரையைக் கொண்டு வருக என்றார். வரவேயில்லை! வழக்கு சரிந்தது, பரிசு ஆர்லாண்டோவுக்கு. அதே ஓட்டத்தில் கால் முறிந்து சுடப்பட்ட ‘லியாண்டர்’ என்ற குதிரையின் தாடையெலும்பை ஆராய்ந்தபோது, அதற்கும் வயது நான்கு! செத்த குதிரை உண்மை சொல்லிற்று.

கனவான்கள் கயவரோடு பந்தயம் ஆடினால் ஏமாறத்தான் வேண்டும் என்றார் நீதிபதி. கயமை கீழ்த்தட்டிலே மட்டும் குடியிருப்பதுபோல! துப்புத் துலக்கிய பென்டிங்க் யார்? 1836-இல், ‘எலிஸ்’ என்ற குதிரையைத் தெற்கே லாயத்திலேயே நிறுத்தி, அது டான்காஸ்டருக்கு நடந்து சேர முடியாது என்று ஊரை நம்பவைத்து, ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் பணம் கட்டியபின், வண்டியிலேற்றி விரைந்து கொண்டுபோய், செயின்ட் லெஜர் பந்தயத்தை வென்றவர்! குற்றம் என்று எவரும் கூறவில்லை, கெட்டிக்காரத்தனம் என்றனர்.

1844-இல் அவருக்கு நன்றி பாராட்டி நிதி திரட்டினர். தமக்கு வேண்டாமென்ற அவர், அதைப் பயிற்சியாளர், ஜாக்கிகள் ஆகியோரின் வறிய குடும்பங்களுக்கென ஒதுக்கினார். பந்தயம் கட்டிக் கெட்டவனின் குடும்பம் அந்தப் பட்டியலில் இல்லை.