பத்துமா?

பெங்களூரில் வேலை கிடைத்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்தச் சம்பளம் பத்துமா?" உடனே எக்செல்லைத் திறந்து வாடகை, சாப்பாடு, பெட்ரோல் என்று வரிசையாக எழுதிக் கூட்டிப் பார்ப்போம். நம்ம கேள்வி என்னவோ புதுசு மாதிரி தோன்றும். ஆனால் அந்தப் பட்டியலில் எதை எழுதணும், யாரைச் சேர்க்கணும் என்பதற்காக இந்த நாட்டில் பட்டினியே கிடந்திருக்கிறார்கள்.

1917இல் அகமதாபாத்தில் பிளேக் பரவியது. தொழிலாளிகள் ஊரைக் காலி பண்ணிவிட்டால் மில் ஓடாது. அதனால் முதலாளிகள் 'பிளேக் போனஸ்' கொடுத்தார்கள். நெசவுப் பிரிவில் சிலருக்கு அது சம்பளத்தில் 70, 80 சதவீதம். 1918 தொடக்கத்தில் நோய் அடங்கியதும் போனஸை நிறுத்தப் பார்த்தார்கள். முதல் உலகப்போர்க் காலம் அது. ஏறிய விலைவாசி மட்டும் இறங்கவில்லை.

தொழிலாளிகள் 50 சதவீத உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20 என்றார்கள். காந்தியும் கூட இருந்தவர்களும் விவரங்களைத் திரட்டிக் கணக்குப் போட்டு, 35 கேட்பதே நியாயம் என்றார்கள். முதலாளிகள் பக்கம் அம்பாலால் சாராபாய்; தொழிலாளிகள் பக்கம் அவருடைய அக்கா அனசுயா. கதவடைப்பு நீண்டு தொழிலாளிகள் சோர்ந்தபோது மார்ச் 15 அன்று காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். மூன்று நாளில் உடன்பாடு வந்தது. பிறகு நடுவர் ஆனந்தசங்கர் துருவா கொடுத்த தீர்ப்பும் 35தான்.

விலை ஏறினால் கூலியும் ஏறணும் என்பதை இந்தப் போராட்டம் நிலைநாட்டியது. ஆனால் ஒரு குடும்பத்துக்கு மொத்தம் எவ்வளவு வேண்டும்? அதற்கான சூத்திரம் 1957இல், 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் வந்தது. சம்பாதிப்பவர் ஒருவர். குடும்பம் என்பது மூன்று நுகர்வு அலகு. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் அதற்குள் அடக்கம். ஆளுக்கு வருஷத்துக்கு 18 கெஜம் துணி. வாடகை. விளக்கு, விறகு, இதர செலவுக்கு 20 சதவீதம். ஓர் அலகுக்கு 2,700 கலோரி என்ற அளவு, ஒருகாலத்தில் நம்ம குன்னூரில் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தை நடத்திய அய்க்ராய்டுடையது.

இதில் பள்ளிக்கூட ஃபீஸ் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு இல்லை. 34 வருஷம் கழித்து, 1991இல், ரெப்டகாஸ் பிரெட் நிறுவனத் தொழிலாளிகள் பஞ்சப்படிக்காக நடத்திய வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் அவற்றைச் சேர்த்தது. படிப்பு, வைத்தியம், பண்டிகை, கல்யாணம், முதுமை எல்லாவற்றுக்குமாக 25 சதவீதம். அதுவரை தொழிலாளியின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அது 'இதர செலவு'.

2020இல் வெளியான ஊதியச் சட்ட வரைவு விதிகளிலும் அதே மூன்று அலகுதான். 72 கெஜம் 66 மீட்டர் ஆகியிருக்கிறது. ஆனால் வாடகை? உணவுக்கும் துணிக்கும் ஆகும் செலவில் 10 சதவீதம். அதாவது அவை இரண்டுக்கும் 15,000 ஆனால் வாடகை 1,500. அந்தக் காசுக்குப் பெங்களூரில் பைக் நிறுத்த இடம் கிடைக்கலாம்.

இது குறைந்தபட்சக் கூலிக்கான கணக்கு, ஐ.டி.காரனுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டிக்கு வந்திருக்கிறது. அவர் வாடகை கொடுப்பது நிஜ பெங்களூரில், விதியில் இருக்கும் பெங்களூரில் இல்லை.

இன்னொரு விடுபடலில் நானும் அவரும் ஒன்று. என் எக்செல்லில் 'ஊருக்கு' என்று ஒரு வரி உண்டு. அப்பாவின் சர்க்கரை மாத்திரை, அம்மாவின் கண் ஆபரேஷன், மழைக்கு முன்னால் மாற்றவேண்டிய ஓடு எல்லாம் அதில்தான். செக்யூரிட்டி அண்ணன் எக்செல் போடுவதில்லை. மாசம் பிறந்ததும் ஜிபேயில் ஊருக்கு அனுப்பிவிடுகிறார். 1991 தீர்ப்பு தொழிலாளியின் முதுமையைச் சேர்த்தது. அவனைப் பெற்றவர்களின் முதுமை அந்த மூன்று அலகுக்குள் இன்னும் வரவில்லை.

"பத்துமா?" என்று கேட்கும்போதே யாருக்கு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. நெசவாளியின் 35 சதவீதமும் பிள்ளைகளின் ஃபீஸும் தானாக வந்து பட்டியலில் உட்காரவில்லை.