அளவுகோலும் உயிரும்: சிறு பாய்மரப் படகுப் பந்தய விதிகளின் கதை

ஹைதராபாதின் கிழக்கே உள்ள மல்லாபூர் தொழிற்பேட்டையிலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஹுசைன் சாகர். 16ஆம் நூற்றாண்டில் இப்ராகிம் குதுப் ஷா காலத்தில் வெட்டப்பட்ட இந்த ஏரி, இன்று இந்தியாவின் முக்கியமான பாய்மரப் படகுப் பந்தயக் களங்களுள் ஒன்று. பருவக்காற்று வீசும் மாதங்களில் ‘ஹைதராபாத் செய்லிங் வீக்’ போன்ற போட்டிகள் இங்கே நடைபெறுகின்றன. கரையில் நிற்பவருக்கு ஓடும் படகுகள் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். அந்த ஒற்றுமை தற்செயலானதன்று. யார் எந்தப் படகில், எவ்வளவு பெரிய பாயுடன், எத்தனை கிலோ உடையுடன் ஏறலாம் என்று வரையறுக்கும் விதிகளின் விளைவு அது. அவ்விதிகளின் வரலாற்றைப் படித்தால் ஓர் உண்மை திரும்பத் திரும்ப எதிர்ப்படும்: நியாயத்துக்கான விதியும் பாதுகாப்புக்கான விதியும் தனித்தனியானவை அல்ல. ஒன்றைத் தவறாக எழுதினால் மற்றொன்று பலியாகும்.

பந்தயம் என்றவுடன் எழும் முதற்கேள்வி எளியது: வெல்வது மனிதனா, படகா? நீளமான படகு இயல்பாகவே வேகமானது. வெவ்வேறு அளவுள்ள படகுகளை ஒரே பந்தயத்தில் ஓடவிட வேண்டுமானால், பெரிய படகு சிறிய படகுக்குக் காலச் சலுகை தரவேண்டும். அச்சலுகையைக் கணக்கிட ஓர் அளவுகோல் தேவை. இங்கிலாந்தின் ராயல் தேம்ஸ் யாட் கிளப் 1855இல் அத்தகைய சூத்திரம் ஒன்றை வகுத்தது. படகின் நீளத்தையும் அகலத்தையும் கொண்டு அதன் ‘டன்’ அளவு கணக்கிடப்பட்டது. ஆழம் தனியே அளக்கப்படவில்லை. அது அகலத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளப்பட்டது. இதனால் அகலம் கணக்கில் இருமுறை பெருக்கப்பட்டது.

வடிவமைப்பாளர்கள் இந்த ஓட்டையை விரைவில் கண்டுகொண்டனர். அகலத்தைக் குறைத்தால் ‘டன்’ மளமளவென்று குறையும்; நீளத்தையும் ஆழத்தையும் கூட்டிக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஆண்டு படகுகள் ஒடுங்கின. அகலத்தால் கிடைக்க வேண்டிய நிலைத்தன்மையை, அடியில் கட்டிய ஈயத்தின் எடையால் ஈடுசெய்தார்கள். விளிம்பில் நிறுத்திவைத்த பலகை என்று அப்படகுகளைப் பலரும் கேலி செய்தனர்.

அந்தப் போக்கின் உச்சம் 1886இல் கட்டப்பட்ட ‘ஊனா’. நீளம் ஏறத்தாழ 34 அடி. அகலம் 5 அடி 6 அங்குலம் மட்டுமே. அவ்வாண்டு மே மாதத்தில் தன் முதல் கடற்பயணத்திலேயே புயலில் சிக்கி, அயர்லாந்தின் மாலஹைட் கடற்கரைக்கு அருகே அது அழிந்தது. அதில் இருந்தவர்களோடு, படகை வடிவமைத்த வில்லியம் எவான்ஸ் பேட்டனும் மாண்டார். அகலமான படகு அந்தப் புயலைத் தாங்கியிருக்கும் என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது. ஆனால் அந்த வடிவத்தைக் கடல் கேட்கவில்லை, காற்றும் கேட்கவில்லை. ஒரு சூத்திரம் கேட்டது. மறு ஆண்டே பிரிட்டன் பழைய அளவுமுறையைக் கைவிட்டு, நீளத்தையும் பாய்ப்பரப்பையும் கொண்ட டிக்சன் கெம்பின் முறைக்கு மாறியது.

ஊனா அழிந்த அதே 1886இல், அதே கடற்கரையில், மாலஹைடுக்குச் சற்றுத் தெற்கே மற்றொரு சிந்தனை பிறந்தது. டப்ளின் பகுதியைச் சேர்ந்த தாமஸ் மிடில்டன் என்பவர், எல்லாரும் ஒரே வடிவில் சிறு படகுகளைக் கட்டிக்கொள்ளலாம் என்று முன்மொழிந்தார். 1887இல் ‘வாட்டர் வேக்’ என்ற பெயரில் அந்தப் படகுகள் ஓடத் தொடங்கின. உலகின் முதல் ‘ஒரே வடிவமைப்பு’ப் படகு வகை என்று அது கருதப்படுகிறது. சூத்திரமும் காலச் சலுகையும் தேவையற்றுப் போயின. முதலில் வந்தவரே வென்றவர். ஆண்டுதோறும் புதுப் படகு கட்டும் வசதியுள்ள செல்வந்தர் தம் பணப்பையால் வெல்லும் வழியும் அடைபட்டது. சூத்திரத்தை ஏமாற்ற ஆபத்தான வடிவங்களைத் தேட வேண்டிய தேவையும் ஒழிந்தது. நியாயம், சிக்கனம், பாதுகாப்பு ஆகிய மூன்றுக்கும் ஒரே விடை கிடைத்தது.

இந்தியாவில் இவ்விளையாட்டு துறைமுகங்கள் வழியாகவும் படைமுகாம்கள் வழியாகவும் பரவியது. சென்னைத் துறைமுகத்தில் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் முயற்சியால் 1911இல் இன்றைய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் உருவானது. செகந்திராபாத்தில் இராணுவத்தின் மின்னியல், இயந்திரப் பொறியியல் பிரிவு ஹுசைன் சாகரில் படகோட்டத்தை வளர்த்தது. 1956இல் ஜாக் ஹோல்ட் வடிவமைத்த ‘எண்டர்பிரைஸ்’ என்ற இருவர் படகு இந்தியாவில் வேரூன்றிய வகைகளுள் ஒன்று. 1982 ஆசிய விளையாட்டின் பாய்மரப் போட்டிகள் பம்பாய்க் கடலில் நடந்தபோது, ‘ஃபயர்பால்’ என்ற மற்றோர் இருவர் படகு வகையில் ஃபாரூக் தாராபூரும் ஜரீர் கரஞ்சியாவும் இந்தியாவுக்குத் தங்கம் வென்றனர்.

ஒரே வடிவமைப்பு என்ற கருத்து மிகக் கறாரான வடிவத்தை எட்டியது ‘லேசர்’ படகில். புரூஸ் கர்பி வரைந்த இந்த ஒருவர் படகு 1971இல் வெளிவந்தது. நீளம் 4.23 மீட்டர். அதன் விதிப்புத்தகத்தின் அடிநாதம் ஒரே வரியில் அடங்கும்: வெளிப்படையாக அனுமதிக்கப்படாத எதுவும் தடைசெய்யப்பட்டது. படகின் உடலைத் தேய்த்து மெலிதாக்கக் கூடாது. பாயைத் தன் விருப்பப்படி தைக்கக் கூடாது. 1996 அட்லாண்டா விளையாட்டிலிருந்து இது ஒலிம்பிக் படகு.

படகு ஒன்றேயானாலும் உடல்கள் ஒன்றல்ல. காற்று பலமாக வீசும்போது, ஓட்டுபவர் கால்களைப் படகில் மாட்டிக்கொண்டு முதுகை வெளியே சாய்த்து, தம் எடையால் படகை நிமிர்த்துகிறார். எடை மிக்கவருக்கு அது எளிது. மெலிந்தவரைக் காற்று வென்றுவிடும். அதனால் அதே படகுக்கு மூன்று பாய்கள் வந்தன: 7.06, 5.76, 4.7 சதுர மீட்டர். நடுப் பாய் கொண்ட ‘ரேடியல்’ பிரிவில்தான் சென்னையின் நேத்ரா குமணன் 2021இல் ஓமனின் முசன்னாவில் நடந்த தகுதிப் போட்டியில் ஒலிம்பிக் இடம் பெற்றார். நேரடித் தகுதி பெற்ற முதல் இந்தியப் படகோட்டப் பெண் அவர். பெரிய பாயில் தமிழ்நாட்டின் விஷ்ணு சரவணன் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றார்.

எடையின் மதிப்பு தெரிந்தபின் மனிதர் சும்மா இருப்பாரா? கம்பளிச் சட்டைகளை அடுக்கடுக்காக அணிந்து, நீரில் நனைத்து, தம் எடையைக் கூட்டிக்கொண்டு பந்தயம் ஓட்டும் வழக்கம் ஒரு காலத்தில் பரவியிருந்தது. பின்னர் நீர் நிரப்பும் மேலங்கிகளே வந்தன. வென்றவர்கள் சிலர், முதுகெலும்பு நொந்தவர்கள் பலர். அந்தச் சுமையோடு நீரில் விழுந்தவர் மீண்டும் படகேறுவதும் எளிதன்று. சர்வதேச விதிகள் சுமையின் வரம்பைப் படிப்படியாகக் குறைத்தன. இன்று எடையைக் கூட்டும் நோக்கில் எதையும் அணிவதே குற்றம். உடையும் உபகரணமும் சேர்ந்து 8 கிலோவைத் தாண்டக் கூடாது. குறிப்பிட்ட படகு வகையோ போட்டி அறிவிப்போ இதை 10 கிலோ வரை உயர்த்தலாம்.

சோதிக்கும் முறையும் துல்லியமானது. உடைகளை நீரில் முழுக்க ஊறவைத்து, தாங்கியில் தொங்கவிட்டு, ஒரு நிமிடம் நீர் வடியவிட்டபின் எடைபோட வேண்டும். நீரைத் தேக்கும் பைகள் நிரம்பியிருக்க வேண்டும். அளவு மீறினால், உடைகளை மாற்றித் தொங்கவிட்டு மேலும் இருமுறை எடைபோடப் போட்டியாளருக்கு உரிமை உண்டு. சந்தேகத்தின் பயனை வீரருக்கும் தந்து, உடலையும் காக்கும் விதி இது.

குழந்தைகளின் படகில் இந்த இணைப்பு இன்னும் தெளிவு. 1947இல் புளோரிடாவின் கிளார்க் மில்ஸ், எளிய குடும்பச் சிறுவர்களும் ஒட்டுப்பலகையில் கட்டிக்கொள்ளத்தக்க ‘ஆப்டிமிஸ்ட்’ படகை வரைந்தார். பெட்டிபோன்ற உருவம், ஏறத்தாழ 2.3 மீட்டர் நீளம். உடலின் எடை 35 கிலோ. 15 வயது வரையுள்ளோர் ஓட்டுவது. இதன் விதிப்புத்தகம் அங்குலக் கணக்கோடு நிற்பதில்லை. படகு கவிழ்ந்தாலும் மூழ்காதிருக்கக் காற்றுப்பைகள் வேண்டும். நீரை இறைக்கும் குவளை கயிற்றால் படகோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். இழுத்துச் செல்ல, குறைந்தது 8 மீட்டர் நீளமும் 5 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட மிதக்கும் கயிறு வேண்டும். கவிழும்போது பாய்மரம் கழன்று விழாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். குழந்தை மிதவை அங்கியும் அதில் கட்டிய ஊதலும் அணிந்திருக்க வேண்டும். இந்தப் பொருள்களுக்கும் எடை உண்டு. ஒருவர் விட்டுவிட்டு இலகுவாக ஓடினால் மற்றவர் தோற்பார். அடுத்த பந்தயத்தில் அவரும் விட்டுவிடுவார். எனவே பாதுகாப்பை எல்லார் மீதும் சமமாகச் சுமத்துவது மட்டுமே அதை நிலைநிறுத்தும் வழி.

‘470’ போன்ற இருவர் படகுகளில் ஒருவர், பாய்மரத்திலிருந்து வரும் கம்பியின் வளையத்தைத் தம் இடுப்புக் கச்சையின் கொக்கியில் மாட்டிக்கொண்டு படகுக்கு வெளியே நிற்பார். கவிழ்ந்த படகின் அடியில் அந்தக் கொக்கி கழலாவிட்டால் உயிருக்கே ஆபத்து. இத்தகைய மரணங்கள் நேர்ந்தபின், உடனே கழற்றத்தக்க கச்சையே அணிய வேண்டும் என்ற விதி 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. படகு வகைகள் தம் விதியால் விலக்களிக்கலாம். வேகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மாற்றம் உயிரில் மட்டுமே.

ஒரே வடிவமைப்புக்கும் தன் குறை உண்டு. எல்லாரும் ஒரே படகைத்தான் வாங்க வேண்டும் என்றால், அதைக் கட்டுபவரின் கை ஓங்கும். 2019இல் லேசர் சங்கம், ஆய்வுக்கு இடமளிக்கவில்லை என்று குற்றம் சாட்டித் தன் முக்கியக் கட்டுமான நிறுவனமொன்றின் அங்கீகாரத்தை விலக்கியது. ‘லேசர்’ என்ற வணிகப்பெயர் பல நாடுகளில் அந்நிறுவனத்திடம் இருந்தது. எனவே படகின் பெயரே ‘ஐ.எல்.சி.ஏ.’ என்று மாறியது. புதிய கட்டுநர்களுக்கு உரிமங்கள் வழங்கப்பட்டன. படகை அளப்பவர், படகை விற்பவரிடமிருந்து விலகி நிற்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

இவையெல்லாம் செல்வந்தரின் பொழுதுபோக்கைப் பற்றிய நுணுக்கங்கள் என்று தோன்றலாம். ஹுசைன் சாகர் அதற்கு மறுப்பு. 2009இல் சுஹைம் ஷேக் தொடங்கிய ஹைதராபாத் யாட் கிளப், எளிய குடும்பக் குழந்தைகளை ஆப்டிமிஸ்ட் படகுகளில் ஏற்றியது. அங்கே பயின்ற ப்ரீத்தி கொங்கரா, ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 470 கலப்புப் பிரிவில் இந்தியாவுக்காகப் படகோட்டினார். பணம் கொடுத்து வேகம் வாங்கலாம் என்ற நிலை இருந்திருந்தால் இத்தகைய பயணம் தொடங்கியே இருக்காது. கடன்வாங்கிய பழைய படகும் புதுப் படகும் ஒரே அளவுகோலுக்குள் நிற்க வேண்டும் என்ற விதிதான், பந்தயத்தின் தொடக்கக் கோட்டில் ஒரு கூலித்தொழிலாளியின் மகளுக்கும் இடம் தருகிறது. அவள் அங்கியில் கட்டிய ஊதல்தான் அவளைக் கரைக்குத் திரும்பக் கொண்டுவருகிறது. முன்னதைப் போற்றிப் பின்னதை அலட்சியம் செய்யும் எந்தச் சங்கமும் தன் விதிப்புத்தகத்தைப் பாதிதான் படித்திருக்கிறது.