வேலூர் மத்திய சிறை

வேலூர் மத்திய சிறை தமிழ்நாட்டின் ஒன்பது மத்திய சிறைகளுள் ஒன்று. வேலூரில் பாகாயத்தை ஒட்டிய தொரப்பாடியில் அமைந்துள்ளது. பெண்களுக்கான தனிச்சிறையும், தென்மாநிலச் சிறை அலுவலர்களுக்குப் பயிற்சி தரும் ‘ஆப்கா’ நிறுவனமும் இதே பகுதியில் இருக்கின்றன. 2019இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. ஆயினும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய தோல் நகரங்களில் ஒருவர் ‘உள்ளே போய்விட்டார்’ என்றால் பெரும்பாலும் தொரப்பாடியைத்தான் குறிக்கும். தமிழகத்தின் புகழ்பெற்ற சிறைவாசிகள் பலர் இங்கே இருந்தது பலரும் அறிந்த செய்தி. அதைவிடக் கவனத்துக்குரியது, மதிலுக்குள் நடப்பதற்கு அரசு யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வி இரண்டு நூற்றாண்டுகளில் இங்கு எழுந்து அடங்கிய விதம்.

வேலூரில் ஆட்களை அடைத்துவைக்கும் வழக்கம் இச்சிறைக்கு முந்தியது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்பு சுல்தானின் குடும்பத்தாரைக் கிழக்கிந்தியக் கம்பெனி வேலூர்க் கோட்டையில் வைத்தது. 1806ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு அவர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். 1816இல் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீவிக்கிரமராஜசிங்கன் இதே கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, 1832இல் இங்கேயே இறந்தான். இவர்களெல்லாம் அரசியல் கைதிகள். எந்த நீதிமன்றமும் தண்டித்து வந்தவர்கள் அல்லர். சட்டப்படி தண்டனை பெற்றவர்களுக்கான பெரிய சிறை 19ஆம் நூற்றாண்டில் தொரப்பாடியில் எழுந்தது. அதன் நடைமுறைக்கு அடித்தளமாக இருந்தது 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டம். உணவின் அளவு, வேலையின் அளவு, விலங்கு, தனிமைச் செல், கசையடி என ஒவ்வொன்றுக்கும் அதில் இடமிருந்தது. கல்விக்கு இருந்த இடம் மிகச் சிறியது. கைதியைத் திருத்துவதும் சிறையின் நோக்கம் என்று அரசு தரப்பில் விரிவாகச் சொன்னது, சென்னை மாகாண அதிகாரியான சர் அலெக்சாண்டர் கார்டியூ தலைமையில் 1919–20இல் அமைந்த இந்தியச் சிறைக் குழு. அதன் அறிக்கை நல்ல அறிக்கை. ஆனால் 1919ஆம் ஆண்டு அரசியல் சீர்திருத்தங்களுக்குப் பின் சிறைச்செலவு மாகாணங்களின் தலையில் விழுந்ததால், பரிந்துரைகள் பல காகிதத்திலேயே தங்கின.

அறிக்கை வெளியான சில காலத்திலேயே ஒத்துழையாமை இயக்கக் கைதியாக ராஜாஜி வேலூர் வந்து சேர்ந்தார். 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச் வரை மூன்று மாதம் இங்கே இருந்து, அன்றாடம் குறிப்பெழுதினார். அது தமிழில் ‘சிறையில் தவம்’ என்ற பெயரில் நூலாயிற்று. உணவின் தரம், நோய், கைதிகளை வார்டர்கள் நடத்தும் முறை, பக்கத்துச் செல்லில் இருப்பவனின் கதை ஆகிய சின்னச் சின்னச் செய்திகளால் ஆன நூல் அது. சட்டம் தெரிந்த ஒருவர் உள்ளே இருந்தபடியே எழுதிய பதிவு என்பதே அதன் பெருமதிப்பு. கண்காணிப்பாளரின் ஆண்டறிக்கையில் இத்தகைய செய்திகளுக்கு இடம் கிடையாது.

உப்புச் சத்தியாகிரகத்தின் போதும் அதன் பின்னரும் வேலூர்ப் பெண்கள் சிறை நிரம்பியது. ருக்மணி லட்சுமிபதி, துர்காபாய், அம்புஜம்மாள் முதலியோர் இங்கே அடைக்கப்பட்டனர். தமக்காக வாதாட ஆளில்லாத ஏழைப் பெண் கைதிகளைச் சிறையில் கண்ட துர்காபாய், பின்னர் சட்டம் படித்து வழக்கறிஞரானார். அரசியல் நிர்ணய சபையிலும் இடம்பெற்றார். 1938இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கைதான டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உள்ளிட்ட பெண்களும், சிலர் கைக்குழந்தைகளோடு, வேலூருக்கே அனுப்பப்பட்டனர். அப்போது மாகாணப் பிரதமராக இருந்தவர் பதினாறு ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் சிறைக்குறிப்பு எழுதிய ராஜாஜி. சிறையை நன்கறிந்தவர் ஆட்சிக்கு வந்தால் சிறை மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த நிகழ்ச்சியைச் சற்று நின்று பார்க்கலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பாதுகாப்புக் கைதியாக இங்கிருந்த காமராசர், சிறையில் இருந்தபடியே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1941இல் விடுதலையானதும் அப்பதவியைத் துறந்தார். அதே போர்க்காலத்தில் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் இச்சிறையிலிருந்து தப்பினார்.

கோபாலனின் பெயர் சட்ட வரலாற்றிலும் வருகிறது. குடியரசான பிறகு தடுப்புக்காவலில் வைக்கப்பட்ட அவர் தொடுத்த ‘கோபாலன் எதிர் சென்னை மாநிலம்’ வழக்கில், 1950இல் உச்ச நீதிமன்றம், உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவுக்கு மிகக் குறுகிய பொருள் கொண்டது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என்று பார்க்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். அதே ஆண்டு பிப்ரவரியில் சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சிறைக்குள் நீதிமன்றத்தின் கை நீளவில்லை. 1978இல் மேனகா காந்தி வழக்கும், அதையடுத்து சுனில் பத்ரா வழக்குகளும் வந்த பின்பே நிலைமை மாறியது. திகார் சிறைக் கைதி ஒருவர் சக கைதிக்கு நேர்ந்த சித்திரவதையைப் பற்றி எழுதிய கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. தண்டனை பெற்றவருக்கும் அடிப்படை உரிமைகள் உண்டு என்பது அதன்பின் நாடெங்கும் நிலைபெற்றது. தமிழகத்தில் இதற்குச் சற்று முன்பே, நெருக்கடி நிலையின்போது சென்னை மத்திய சிறையில் மிசா தடுப்புக்காவல் சட்டக் கைதிகள் தாக்கப்பட்டதை நீதிபதி மு.மு. இஸ்மாயில் ஆணையம் விசாரித்து வெளிக்கொணர்ந்தது.

அந்த விழிப்பின் காலத்தில்தான், 1979இல், சிறை அலுவலர் பயிற்சி நிறுவனமான ஆப்கா வேலூரில் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், பின்னாளில் தெலங்கானா ஆகிய மாநிலங்களின் அலுவலர்கள் இங்கே பயில்கின்றனர். மனித உரிமை, உளவியல், நன்னடத்தைச் சட்டம் எல்லாம் பாடத்திட்டத்தில் உண்டு. 1980–83இல் சிறைச் சீர்திருத்தம் பற்றி முல்லா குழுவும், 1987இல் பெண் கைதிகள் பற்றி நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் குழுவும் தந்த அறிக்கைகள் இப்பயிற்சிக்குப் பின்புலமாயின. தமிழ்நாடு சிறை விதிகள் 1983இல் வந்தன.

விதிகள் எட்டாத இடம் ஒன்றும் வேலூரிலேயே இருந்தது. ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு இலங்கைத் தமிழர் பலர் அயல்நாட்டினர் சட்டத்தின்கீழ் ‘சிறப்பு முகாம்’களில் அடைக்கப்பட்டனர். வேலூர்க் கோட்டையின் திப்பு மகால் அவற்றுள் ஒன்று. 1995 ஆகஸ்டில் விடுதலைப் புலிகள் 43 பேர் அங்கிருந்து சுரங்கம் தோண்டித் தப்பினர். அச்சமயம் எல்லோரும் கேட்டது பாதுகாப்புக் குறைபாடு பற்றித்தான். முகாம் என்பது சட்டத்தின் கண்ணில் சிறை அல்ல. எனவே தண்டனைக்குறைப்பு, விடுப்பு போன்ற சிறை விதிகளின் பயன்கள் அங்குள்ளவர்க்குக் கிடையா. தண்டனைக் காலம் என ஒன்று இல்லாததால் வெளியேறும் நாளும் தெரியாது. இந்தச் சிக்கலைப் பேசியவர்கள் அன்று மிகக் குறைவு. பின்னாளில் திருச்சி மத்திய சிறை வளாகத்து முகாமிலும் அதே சிக்கல் தொடர்ந்தது.

ராஜீவ் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவரும் நெடுங்காலம் வேலூரில் இருந்தனர். தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்ட நளினி பெண்கள் சிறையில் இருந்தார். மூவரின் கருணை மனுக்களையும் பதினோரு ஆண்டுகள் வைத்திருந்து 2011இல் குடியரசுத் தலைவர் நிராகரித்தார். செப்டம்பர் 9 தூக்குக்கு நாள் குறிக்கப்பட்டது. அதற்குச் சில நாள் முன்பு, ஆகஸ்ட் 30 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. காரணமின்றி நேர்ந்த காலதாமதத்தைச் சுட்டி 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனையை ஆயுளாக்கியது. வழக்கில் இருந்த ஏழு பேரையும் விடுவிக்கத் தமிழக அமைச்சரவை 2018 செப்டம்பரில் பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக முடிவெடுக்காமல் வைத்திருந்து, அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்தார். தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் பற்றிய அரசியலமைப்பின் 161ஆம் பிரிவின்கீழ் அமைச்சரவையின் அறிவுரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்று 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் கூறிப் பேரறிவாளனை விடுவித்தது. மற்றவர்கள் நவம்பரில் விடுதலையாயினர். கொலையில் உயிரிழந்தோர் சிலரின் குடும்பங்கள் இத்தீர்ப்பை ஏற்கவில்லை என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே. தீர்ப்பின் பயனோ இந்த ஏழு பேரோடு நிற்பதன்று. முன்விடுதலைக் கோப்பு ஆளுநர் மாளிகையில் காலவரையின்றிக் கிடக்கக் கூடாது என்பது எல்லா ஆயுள் கைதிகளுக்கும் பொருந்தும்.

சிறைக் கல்வியைத் தமிழகத்தில் பொதுப்பேச்சாக்கியதும் இவர்களே. 2012இல் பேரறிவாளன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 1200க்கு 1096 மதிப்பெண் எடுத்தபோது பத்திரிகைகள் அதைச் செய்தியாக்கின. தூக்குத்தண்டனைக் கைதியாக இருந்துகொண்டு எழுதிய தேர்வு அது. நளினி இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பயன்பாட்டியல் முதுகலைப் பட்டம் பெற்றார். அன்றாட நிலையில் சிறைக் கல்வி இவ்வளவு பளிச்சென்று இருப்பதில்லை. கையெழுத்துப் போடத் தெரியாமல் வருபவருக்கு எழுத்தறிவு, பின்னர் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு என்று படிப்படியாகப் போவது அது. ஆசிரியர்களோடு, படித்த கைதிகளும் பாடம் சொல்லித் தருகிறார்கள். 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்ற அரங்கமைத்து, சிறை நூலகங்களுக்காகப் பொதுமக்களிடம் நூல்கள் பெற்றது. பாடத்தைத் தொடர்வதற்குப் பெரிய இடையூறு ஆர்வமின்மை அன்று, நிச்சயமின்மை. இந்தியச் சிறைகளில் 2022ஆம் ஆண்டு இறுதியில் இருந்தவர்களில் 75.8 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள். இன்று ஜாமீன் கிடைக்குமா, நாளை வேறு சிறைக்கு மாற்றுவார்களா என்று தெரியாதவருக்கு ஓராண்டுப் படிப்பில் சேர்வது எளிதன்று.

தொழிற்கல்வியில் வேலூர்ச் சிறைக்கு வட்டாரச் சாயல் உண்டு. இங்குள்ள காலணிப் பிரிவில் காவலர்களுக்கான பூட்ஸ் தயாராகிறது. மேல்தோல் வெட்டுவது, தைப்பது, அச்சில் ஏற்றி சோல் ஒட்டுவது ஆகிய வேலைகள் ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் நடப்பவையே. விடுதலையாகி ஊர் திரும்பும் இப்பகுதி ஆளுக்குப் பிழைப்பாகக்கூடிய கைத்தொழில் என்பதால் இதன் மதிப்பு பெரிது. சிறைப் பொருள்கள் பொதுமக்களுக்குச் சிறை அங்காடிகளில் விற்கப்படுகின்றன. கைதிகளின் உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டும் என்று 1998இல் குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கூலியில் ஒரு பகுதியைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கவும் வழிகாட்டியது. தமிழகத்தில் உணவு, உடைச் செலவுக்கும் கூலியில் பிடித்தம் உண்டு. அது எவ்வளவு இருக்கலாம் என்பது தொடர்ந்து விவாதத்தில் இருக்கிறது.

அரசு யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வி சிறைக் காவலுக்கு மட்டுமல்ல, காவல் நிலையக் காவலுக்கும் உரியது என்பதை இப்பகுதி 2015இல் கசப்பாக உணர்ந்தது. ஒரு பெண் காணாமற்போன வழக்கில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஆம்பூர் இளைஞர் ஒருவர் ஜூன் மாதம் மருத்துவமனையில் இறந்தார். போலீஸ் சித்திரவதையே காரணம் எனக் குற்றஞ்சாட்டி எழுந்த போராட்டம் கலவரமாகியது, பலர் கைதாயினர்.

சிறை நிர்வாகமே நேரடியாகக் குற்றஞ்சாட்டப்பட்டது 2024இல். வேலூர்ச் சிறையில் இருந்த ஆயுள் கைதி ஒருவரைச் சிறைத்துறை உயர் அதிகாரியின் வீட்டு வேலைக்குப் பயன்படுத்தியதாகவும், அங்கே பணம் திருடியதாகக் கூறித் தாக்கித் தனிமைச் செல்லில் பல வாரங்கள் அடைத்ததாகவும் அவருடைய தாய் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தார். மகனைப் பார்க்க மனு போட்டும் பார்க்க முடியாத நிலையில் வந்த வழக்கு அது. நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், வி. சிவஞானம் அமர்வு சிபிசிஐடி விசாரணைக்கு உத்தரவிட்டது. அதிகாரிகள் உட்பட 14 பேர்மீது வழக்குப் பதிவாகி, அக்டோபரில் பணியிடை நீக்கங்களும் நடந்தன. காவல் அதிகாரிகளின் வீடுகளில் வேலைக்குக் காவலர்களை ஆர்டர்லிகளாக வைத்திருக்கும் வழக்கத்தை 1979ஆம் ஆண்டு அரசாணையே ஒழித்திருந்தும் அது தொடர்வதை 2022இல் கண்டித்தவரும் நீதிபதி சுப்பிரமணியமே. பயிற்சி நிறுவனம் அருகிலேயே இருந்தது, விதியும் இருந்தது. செய்தி வெளியே வந்தது ஒரு தாயின் மனுவால்.

அதே அக்டோபர் 3 அன்று, சுகன்யா சாந்தா வழக்கில், சிறைகளில் சாதி அடிப்படையில் வேலை பிரிப்பதும் தனித்தனியாக அடைப்பதும் அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறைக் கையேடுகளைத் திருத்தவும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் பார்வையாளர் குழுவும் இணைந்து சிறைகளைத் தொடர்ந்து பார்வையிட்டு அறிக்கை தரவும் ஆணையிட்டது. 2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேட்டின்படி பார்வையாளர் குழுவின் தலைவர் மாவட்ட நீதிபதி. அதிகாரிகளோடு, அரசு சாராத பார்வையாளர்களும் அதில் உறுப்பினர்கள்.