பூர்வீகம் எது?

2023ஆம் ஆண்டு ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரைக்கும் 'மலையகம் 200' நடைபயணம் போனது. அதற்குப் பிறகு எங்கள் வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது. "நம்ம பூர்வீகம் எது? குடும்பத்தோட ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்தா என்ன?" காங்கேசன்துறையில் இருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலும் ஓடுகிறது, பலாலியில் இருந்து சென்னைக்கு விமானமும் இருக்கிறது. காசு சேர்த்தால் போய்விடலாம். ஆனால் இறங்கிய பிறகு எந்த பஸ்ஸில் ஏறுவது? அங்கேதான் பேச்சு நின்றுவிடுகிறது.

ஊர்ப்பெயர் ஏன் நம்மிடம் இல்லை என்று கேட்டால், "பாட்டன் சொல்லாம செத்துட்டார்" என்று முடித்துவிடுகிறோம். பாட்டன் மேல் மட்டும் பழியைப் போடுவது நியாயமில்லை என்றே நாங்கள் நினைக்கிறோம். மலையக மக்களுக்குப் பூர்வீகம் என்பது ஒரு காலத்தில் வாய்விட்டுச் சொல்லவே பயந்த விடயம்.

1948 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பாருங்கள். ஒருவர் இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அவரின் தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்து அறையில் பிறந்து, பிறப்பைப் பதியாமலேயே வளர்ந்த தலைமுறைகள் இதை எந்தக் காகிதத்தைக் காட்டி நிரூபிக்கும்? இன்று மற்றவர்கள் ஆசைக்கு வரைகிற வம்சாவளி மரத்தை, எங்கள் ஆட்களிடம் அரசாங்கம் அன்றைக்கே கேட்டது. காட்ட முடியாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் பாட்டன், பூட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் நிரப்பச் சொல்லும் கூடுகள் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பழைய சான்றிதழை ஒருக்கா எடுத்துப் பாருங்கள். அந்தக் கூடுகளில் வெறும் கோடு இழுத்திருந்தால், அந்தக் கோட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு.

1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் இன்னொரு வழியைத் திறந்ததாகச் சொல்லப்பட்டது. அதன்படி மணமானவர்கள் 7 வருடமும், மணமாகாதவர்கள் 10 வருடமும் தொடர்ச்சியாக இலங்கையில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். ஒரு தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்ததாகக் கணக்கு. தாய் தகப்பனைப் பார்க்க, காணி பிரிக்க, கலியாணம் செய்ய என்று ஊருக்குப் போய்த் தங்கியவர்களுக்கு அந்தப் பயணமே எதிர்ச்சாட்சி ஆனது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான். இப்படிப்பட்ட காலத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் யார் ஊர்ப்பெயரை உரக்கச் சொல்லுவார்கள்?

அதற்கு முந்திய காகிதங்களும் எங்கள் ஆட்கள் எழுதியவை அல்ல. கங்காணி ஆள் பிடித்தார். 'துண்டு' என்ற சீட்டில் கடன் எழுதப்பட்டது, அந்தக் கடனை அடைத்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம். 1904இல் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழில் ஆணையகம் திறக்கப்பட்டது. மண்டபம் முகாமில் வைத்துப் பரிசோதித்து ஆட்களை அனுப்பினார்கள். தோட்டத்தின் குறி பொறித்த ஒரு தகரத் துண்டுதான் அந்த மனிதரின் அடையாளம். எந்தத் தோட்டத்துக்குப் போகிறார், யார் கணக்கில் போகிறார் என்பதுதான் முக்கியமாக இருந்தது. அந்த ஆளின் வீட்டு வாசலில் என்ன மரம் நின்றது என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

அப்படியென்றால் தேடவே முடியாதா? முடியும், கொஞ்சம் பொறுமை வேணும். முதலில் கங்காணியின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். பெரும்பாலும் சொந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும்தான் கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். இரண்டாவது, பழைய ஆவணத்தில் உள்ள மாவட்டத்தை இன்றைய வரைபடத்தில் அப்படியே தேடக்கூடாது. 'சேலம்' என்றிருந்தால் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரியும் அதற்குள் அடக்கம். 'திருச்சி' என்றால் கரூர், பெரம்பலூர், அரியலூரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புதுக்கோட்டை 1948 வரைக்கும் தனிச் சமஸ்தானம். மூன்றாவது, குலசாமியும் கூத்தும். உங்கள் தோட்டத்தில் பொன்னர் சங்கர் ஆடுகிறார்கள் என்றால், அந்தக் கதையின் கோயில் மணப்பாறைக்குப் பக்கத்து வீரப்பூரில் இருக்கிறது என்பது ஒரு சின்னத் தடயம். ஆனால் எல்லாச் சாமியும் கடல் தாண்டி வந்தவை அல்ல. தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்கிற ரோதை முனி இங்கேதான் பிறந்தார்.

இதையெல்லாம் செய்து ஊரைக் கண்டுபிடித்தாலும், நூறு நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு அங்கே நம்மைத் தெரிந்த ஒருவர் இருப்பாரா என்பது சந்தேகம்தான். ஆனால் இந்தியாவில் நம்மை நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இருப்பது வேறு இடத்தில்.

1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும், 3 இலட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும். மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அண்ணன் இந்தியாவுக்கு, தங்கச்சி இலங்கைக்கு என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாருக்குப் போன ரயிலை 'அழுகைக் கோச்சி' என்று பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அங்கிருந்து 'ராமானுஜம்' கப்பல். 1984இல் கப்பல் நிற்கும் வரைக்கும், ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைகளோடு சேர்த்து, நாலு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள்.

தமிழ்நாட்டு அரசு அவர்களுக்கு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அவர்களில் பெரும்பாலானவர்கள் அந்தத் தாயகத்தை அதற்கு முன் கண்ணால் கண்டதே இல்லை. ஒரு பகுதியினருக்கு நீலகிரியில், 1968இல் அரசு இவர்களுக்காகவே தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. மறுபடியும் கொழுந்து, மறுபடியும் லயம். இங்கே 'கள்ளத்தோணி' என்று ஏச்சு வாங்கியவர்கள் அங்கே 'சிலோன்காரன்' ஆனார்கள். கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கம் போனால் ஹட்டன், பதுளை என்று சொன்னதும் முகம் மலர்கிற கிழவிகளை இன்றைக்கும் காணலாம்.

ஆகவே பயணம் போகிற குடும்பங்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான். திருச்சிக்கோ சேலத்துக்கோ போங்கள், குலசாமியைக் கும்பிடுங்கள். ஆனால் கோத்தகிரிக்கும் ஒரு பஸ் ஏறுங்கள். பூட்டனின் ஊரைவிட, பாட்டியின் கூடப்பிறந்தவர்கள் கிட்டிய உறவு. நேரமும் குறைவாக இருக்கிறது. ஒப்பந்தத்தில் பிரிந்தபோது விபரம் தெரிந்த வயதில் இருந்தவர்கள் இரண்டு பக்கமும் முதுமையில் இருக்கிறார்கள்.

"பூர்வீகம் இந்தியாவுலதானே, அப்ப அங்கேயே போகலாமே" என்று கேட்கிறவர்கள் இன்னமும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் இடமில்லை. பூர்வீகத்தைத் தேடுவது எங்கள் வரலாற்றைத் தெரிந்துகொள்ளத்தான். இந்த மண்ணில் எங்களுக்கிருக்கும் உரிமையை அதற்குப் பதிலாக யாரும் கேட்க முடியாது.

டிக்கெட் எடுக்கும் முன்னால் வீட்டில் இருக்கிற மூத்தவரிடம் உட்காருங்கள். கங்காணி பெயர், குலசாமி பெயர், கப்பலேறிப் போனவர்களின் பெயர்: மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பழைய கடிதம் ஏதும் இருந்தால் அதன் உறையை வீசாதீர்கள். விலாசம் அதில்தான் இருக்கும்.